ஓர் எழுத்தாளரைத் தொடர்வதுபோல் நீங்கள் தொடரும் சிறிய விளையாட்டு உருவாக்குநர் யார்?

முகில்மலை (கொட்டகலை) எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் கொட்டகலைப் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு ஏழெட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் இருந்து கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவார்கள். கைப்பேசியில் கூட்டமாகச் சேர்ந்து சுடும் விளையாட்டும் கிரிக்கெட்டும்தான் அவர்களுக்குப் பழக்கம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாவலை யார் எழுதினார் என்று கேட்பதைப்போல ஒரு விளையாட்டை யார் செய்தார் என்றும் கேட்கலாம் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருந்தது. அந்தக் கேள்வியைத்தான் உங்களிடமும் கொண்டு வந்திருக்கிறேன்.

என்னுடைய விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். லூக்காஸ் போப். அமெரிக்கரான இவர் பெரிய நிறுவனமொன்றில் பணியாற்றிவிட்டு, அதிலிருந்து விலகி ஜப்பானில் வாழ்ந்துகொண்டு, ஏறக்குறைய எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்கிறவர். 2013இல் வெளியான 'பேப்பர்ஸ், பிளீஸ்' விளையாட்டில் ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நாம் ஓர் உத்தியோகத்தராக அமர்ந்திருக்கிறோம். காலம் 1982. வரிசையில் வருகிறவர்கள் கடவுச்சீட்டு, நுழைவு அனுமதி, வேலை அனுமதி என ஒவ்வொன்றாக நீட்டுகிறார்கள். பெயர், பிறந்த திகதி, வழங்கிய நகரம், முத்திரை, உடல் எடை என எங்காவது ஒன்று பொருந்தவில்லையா என்று பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். சரியாக முடித்த ஒவ்வோர் ஆளுக்கும் ஐந்து காசு கூலி, தவறுகள் கூடினால் அபராதம். மாலையில் அந்தக் கூலியை வீட்டு வாடகைக்கும் உணவுக்கும் குளிர் காய்வதற்கும் பங்கிட வேண்டும். மேசை வேண்டுமென்றே சிறிதாக வரையப்பட்டிருக்கிறது. தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மறைத்துக்கொள்ளும்போது, கவனமின்மை எப்படி உண்டாகிறது என்பதை நம் விரல்களே அறிந்துகொள்கின்றன.

முதல் நாட்களிலேயே ஒரு தம்பதி வருகிறார்கள். கணவனின் ஆவணங்கள் எல்லாம் சரியாக உள்ளன. பின்னால் வரும் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. அந்த இடத்தில் நான் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தேநீர் போட்டேன். என் தாத்தாவின் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்து, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தபோது, எங்கள் குடும்பத்தில் அத்தைக்கு ஒரு முடிவும் தாத்தாவுக்கு வேறொரு முடிவும் வந்தன. அத்தை ஏறிப்போன இரயிலை ஊரார் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தார்கள். தாத்தா தன்னுடைய எல்லாத் தாள்களையும் அந்தப் பெட்டியில் எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருந்தார், தீபாவளிக்கு ஒருமுறை வெயிலில் காய வைப்பார். தாளை நீட்டுகிறவர்களின் கதைகளை நான் வாழ்நாள் முழுதும் கேட்டிருக்கிறேன். தாளை வாங்குகிறவனின் நாற்காலியில் என்னை முதன்முதலில் உட்கார வைத்தவர் லூக்காஸ் போப். அந்த நாற்காலியில் இருப்பவனுக்கும் பசிக்கிறது, அவன் வீட்டிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது என்பது எனக்கு இலேசில் செரிக்கவில்லை.

அவருடைய அடுத்த பெரிய ஆக்கம் 2018இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. காணாமற்போன கப்பலொன்று 1807இல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது, கிழக்கிந்தியக் கம்பனியின் காப்புறுதிப் பரிசோதகராக நாம் அதில் ஏறுகிறோம். 60 பேரின் பெயரையும் முடிவையும் கண்டுபிடித்து ஏட்டில் எழுத வேண்டும். அந்த ஏட்டோடு, ஒருவர் இறந்த கணத்தைக் காட்டும் பைக்கடிகாரம் ஒன்றும் நம்மிடம் உண்டு. தூங்கும் தொங்குபடுக்கையின் இலக்கம், உடுத்திய உடை, பேசும் உச்சரிப்பு என்று சிறு சிறு தடயங்களால் மனிதர்களை அடையாளம் காணும் அந்த வேலை, திரை முழுவதும் கறுப்பும் வெளுப்புமான புள்ளிகளாலேயே வரையப்பட்டிருக்கிறது. மூன்று பேரின் முடிவுகளைச் சரியாக எழுதினால்தான் விளையாட்டு அவற்றை உறுதி செய்யும் என்பதால் ஊகித்துத் தப்புவது கடினம்.

இரண்டு விளையாட்டுகளையும் ஒருவரே செய்தார் என்பதை விளையாடும்போதே உணரலாம். இரண்டிலும் நம் கையில் இருப்பது ஆயுதமன்று, ஓர் ஏடு. இப்படி, கையெழுத்தைப்போல் அடையாளம் தெரிகிற உருவாக்குநர்கள் உங்களுக்கு யார் யார்? பெயரை மட்டும் சொல்லாமல் ஏன் பிடிக்கும் என்பதையும் எழுதுங்கள். இன்னொன்றையும் கவனத்தில் கொள்ளுங்கள்: எங்கள் கணினிகள் பழையவை, தனி வரைகலை அட்டை கிடையாது, பிள்ளைகளின் டேட்டா மாதக் கடைசியில் தீர்ந்துவிடும்.

—

ரோலர்ரூம் (தலவாக்கலை) எழுதியது:

ஆசிரியருக்கு வணக்கம். நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எனக்குப் பிடித்தவர் ஸக்டிரானிக்ஸ் என்ற பெயரில் விளையாட்டுகள் செய்த ஸக் பார்த். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மிகச் சிலரோடு இயங்கியவர்.

எங்கள் வேலையைச் சொன்னால் அவருடைய விளையாட்டுகள் எளிதில் விளங்கும். கொழுந்து வந்ததும் தொட்டியில் பரப்பி வாட்டுகிறோம், பிறகு உருட்டுகிறோம், உடைத்துச் சலிக்கிறோம், நொதிக்க விடுகிறோம், உலர்த்துகிறோம், கடைசியில் தரம் பிரிக்கிறோம். ஓர் உருளை இயந்திரம் நின்றுவிட்டால் பின்னாலுள்ள எல்லாம் தேங்குகின்றன. கொழுந்து யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு படியையும் மட்டுமல்ல, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலுள்ள நேரத்தையும் யோசித்துத்தான் ஆக வேண்டும். ஸக் பார்த்தின் விளையாட்டுகள் அந்த இடை நேரத்தைப் பற்றியவை.

2017இல் வந்த 'ஓபஸ் மேக்னம்' விளையாட்டில் நாம் ஒரு இரசவாதி. ஈயத்தைப் பொன்னாக்கும் கதை நம் சித்தர் மரபிலும் உண்டு என்பதால் நுழைவதற்குத் தடையிருக்காது. சுழலும் கைகள், தண்டவாளங்கள், இணைக்கும் வட்டங்கள் ஆகியவற்றை வைத்து, கேட்ட பொருளை மீண்டும் மீண்டும் தானாகவே செய்து தரும் ஓர் இயந்திரத்தை அமைக்க வேண்டும். இயங்கினால் போதும், அது விடை. அதற்குப் பிறகுதான் உண்மையான விளையாட்டு ஆரம்பமாகிறது. செலவு, நேரம், இடம் என்று மூன்று அளவுகளில் உங்கள் இயந்திரம் உலகத்தார் செய்தவற்றோடு ஒப்பிடுகையில் எங்கே நிற்கிறது என்று ஒரு வரைபடம் காட்டும். யார் முதலாவது என்று பெயர்ப்பட்டியல் போட்டு அவமானப்படுத்தாது. செலவைக் குறைத்தால் நேரம் கூடும், நேரத்தைக் குறைத்தால் இடம் பெருகும். மூன்றையும் ஒருசேரக் குறைக்க முடியாது என்பதைத் தொழிற்சாலையில் எனக்கு விளக்கிச் சொல்ல எவருக்கும் பொறுமை இருந்ததில்லை. ஒரு விளையாட்டு அதை ஓர் இரவில் விளங்க வைத்தது.

2011இல் வந்த 'ஸ்பேஸ்கெம்' இதைவிடக் கடினமானது, நான் பாதியில் விட்டேன். 2015இல் வந்த 'டிஐஎஸ்-100' ஒரு கற்பனைப் பழங்கணினிக்கு நிரல் எழுதுவது. சிறு சிறு பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் 15 வரிகளுக்குள் எழுதி, பக்கத்துப் பெட்டிக்கு எண்ணைக் கைமாற்ற வேண்டும். உங்கள் மாணவர்கள் பாடத்திட்டத்தில் படிக்கும் பதிவகமும் கட்டளைச் சுழற்சியும் இங்கே கைக்கு வந்துவிடும். 2016இல் வந்த 'ஷென்சென் ஐ/ஓ' விளையாட்டோடு, அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்கென்றே ஒரு நீண்ட கையேட்டையும் கொடுத்தார்கள். நான் அதை நகரத்துக் கடையில் அச்செடுத்து, சுருள் கம்பி போட்டு, ஓரங்களில் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். கையேட்டைப் புரட்டித் தேடுவதும் விளையாட்டின் ஒரு பகுதிதான்.

இன்னும் ஒரு செய்தி பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இவர் 2009இல் 'இன்ஃபினிமைனர்' என்று கட்டங்களைத் தோண்டும் ஒரு விளையாட்டைச் செய்தார். அதன் மூலநிரல் வெளியே கசிந்து போலிகள் பெருகியதும் அதைக் கைவிட்டார். அதைப் பார்த்து ஊக்கம் பெற்று உருவானதுதான் மைன்கிராஃப்ட். தன்னிடமிருந்து கிளம்பிய விதை உலகம் முழுக்க மரமாகி நின்றபோது, இவர் அந்த வழியில் போகாமல் தன் சிறிய இயந்திரங்களுக்கே திரும்பி வந்தார் என்பதற்காக எனக்கு அவரை இன்னும் பிடிக்கும்.

2022இல் 'லாஸ்ட் கால் பிபிஎஸ்' என்ற தொகுப்போடு ஸக்டிரானிக்ஸ் தன் பணியை முடித்துக்கொண்டது. அவர்கள் தங்கள் விளையாட்டுகளைப் பொதுப் பாடசாலைகளுக்கு இலவசமாக வழங்கும் ஏற்பாடு ஒன்றை நடத்தி வந்தார்கள், பாடசாலையின் பெயரில் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை தட்டையான வரைபடங்கள் என்பதால் பழைய கணினியிலும் ஓடும்.

—

நமுனுகுல (பதுளை) எழுதியது:

சேர், ரோலர்ரூம் அண்ணா சொன்னவை அனைத்தும் நல்ல விளையாட்டுகள்தான், ஆனால் அவற்றைத் திறந்தவுடன் பக்கம் பக்கமாக ஆங்கிலம் வரும். என் தம்பி சாதாரணதரம் படிக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். ஆங்கில வாசகம் வந்ததும் கணினியை மூடிவிடுகிறான். அதனால் மொழியை அதிகம் கேட்காத உருவாக்குநர்களைத் தேடித் தேடியே என்னுடைய விருப்பங்கள் அமைந்தன.

முதலில் செக் நாட்டின் அமனிட்டா டிசைன். யாக்கூப் ட்வோர்ஸ்கி 2003இல் தொடங்கியது. 2009இல் வந்த 'மெஷினேரியம்' துருப்பிடித்த நகரமொன்றில் தூக்கியெறியப்பட்ட ஒரு சிறிய ரோபோவின் கதை. பாத்திரங்கள் சொற்களால் பேசுவதில்லை. தலைக்கு மேல் ஒரு குமிழி தோன்றி, அதற்குள் ஒரு சிறு சித்திரம் ஓடும். கோபம், நினைவு, ஆசை எல்லாம் அதற்குள் வந்துவிடும். எங்கள் பாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவர் தம்பியின் பக்கத்தில் அமர்ந்து கதையைப் பின்தொடர்ந்து, "அந்தப் பிள்ளையை அவன்கள் சமையலறையில் அடைத்து வைத்திருக்கிறான்கள்" என்று எங்களுக்கு முன்பே கண்டுபிடித்தார். அந்தப் பின்னணிகள் கையால் வரையப்பட்டவை. ஒவ்வொரு திரையையும் நிறுத்திப் பார்க்கலாம்.

இரண்டாவது பின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்க்காரி. 2019இல் வந்த 'பாபா இஸ் யூ' அவருடையது. இதில் சொற்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு பத்துச் சொல் தெரிந்தால் போதும். திரையில் கிடக்கும் சொற்கட்டைகளைத் தள்ளி வாக்கியம் அமைத்தால் அந்த வாக்கியமே அந்த உலகத்தின் சட்டமாகிவிடும். சுவர் தடை என்ற வாக்கியத்திலிருந்து ஒரு கட்டையைத் தள்ளிவிட்டால் சுவருக்குள் நடந்து போகலாம். பாறை நீ என்று மாற்றிவிட்டால் நீங்கள் பாறையாகிவிடுவீர்கள். தம்பிக்கு இதை விளக்கும்போது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களுக்கு நடுவில் 'இஸ்' என்ற ஒரு கட்டை கட்டாயம் நிற்க வேண்டும், புதிர்களில் பாதி அந்த நடுக்கட்டையை எப்படி அகற்றுவது என்பதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. தமிழில் "சுவர் தடை" என்பதே முழு வாக்கியம். பெயர்ப் பயனிலை நடுவில் எதையும் கேட்பதில்லை. அப்படியானால் தமிழில் இந்த விளையாட்டை முதலிலிருந்தே யோசித்துச் செய்தால் எந்த இரண்டு சொற்கள் பக்கத்தில் வந்தாலும் சட்டமாகிவிடும், ஒவ்வொரு கட்டையும் ஆபத்தானதாகிவிடும். அது முற்றிலும் வேறொரு விளையாட்டு. இதைப் பற்றி நானும் தம்பியும் இரண்டு வாரம் பேசினோம், கொப்பியில் கட்டம் போட்டு நான்கு புதிர்களும் வரைந்தோம்.

மூன்றாவதாக நியூசிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் பிரோ. 2017இல் அவர் செய்த 'சிங்கோ பாவுஸ்' முழுவதும் போர்த்துக்கேய மொழியில் இருக்கிறது. ஐந்து மந்திரக் கோல்கள் உண்டு, ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்பதைப் பயன்படுத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அந்த மொழி தெரியாத எல்லோரும் அங்கே ஒரே நிலையில் நிற்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்தவரும் எங்கள் தம்பியும் ஒன்றுதான். விளையாட்டுக் கலையில் இதைவிட நியாயமான ஒரு முடிவை நான் பார்த்ததில்லை.

டேட்டா பற்றிச் சொன்னீர்கள். ஸ்டீவன் லவெல் 2013இல் வெளியிட்ட பசில்ஸ்கிரிப்ட் என்ற புதிர் செய்யும் கருவி இலவசமானது, உலாவியிலேயே இயங்கும். கட்டைகளைத் தள்ளும் வகைப் புதிர்களை ஒரு பக்க நிரலில் எழுதிவிடலாம். அதில் மற்றவர்கள் செய்த நூற்றுக்கணக்கான புதிர்களையும் விளையாடலாம், ஒரு காணொளி பார்க்கும் டேட்டாகூடச் செலவாகாது.

—

பழையகோச்சி (பண்டாரவளை) எழுதியது:

ஆசிரியர் அவர்கள் மன்னிக்க வேண்டும், ஒரு மறுப்போடு தொடங்குகிறேன். லூக்காஸ் போப்பின் 'பேப்பர்ஸ், பிளீஸ்' பத்தாண்டுகளில் 50 இலட்சம் பிரதிகள் விற்றிருக்கிறது என்று 2023இல் அவரே அறிவித்தார். தனி மனிதரின் கைவேலை என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் அதை ஓரத்தில் இருக்கும் ஆக்கம் என்று இனிச் சொல்ல முடியாது. சிறியது என்று நாம் சொல்லும்போது செய்தவரின் எண்ணிக்கையைச் சொல்கிறோமா, விளையாடியவரின் எண்ணிக்கையைச் சொல்கிறோமா, அல்லது அந்த ஆக்கம் எவரையும் திருப்திப்படுத்த முயலாமல் தன் போக்கில் போகிறதா என்பதைச் சொல்கிறோமா? நான் மூன்றாவதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

அந்த அளவுகோலின்படி எனக்கு முதலிடத்தில் இருப்பவர்கள் பே 12 கேம்ஸ் என்ற பெயரில் இயங்கும் டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள். 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்ற ஒரே விளையாட்டை 2002இலிருந்து செய்துகொண்டிருக்கிறார்கள். 2006இல் முதல் வடிவத்தை இலவசமாக வெளியிட்டார்கள். மலையைக் குடைந்து வாழும் குள்ளர்களின் குடியிருப்பொன்றை நாம் நடத்துகிறோம். அதற்கு முன்பே கணினி ஓர் உலகத்தையும் அதன் பல நூற்றாண்டு வரலாற்றையும் உருவாக்கி வைத்துவிடும். எந்த அரசன் எந்தப் போரில் விழுந்தான், எந்தத் தச்சன் எந்த நாற்காலியில் எதைச் செதுக்கினான் என்பது வரை எழுதப்பட்டிருக்கும். இத்தனையும் பல ஆண்டுகள் வரை திரையில் எழுத்துகளாகவும் குறியீடுகளாகவும் மட்டுமே தெரிந்தன. நியூயோர்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்புக்காகத் தெரிவு செய்த முதல் 14 விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

இதன் ஆழத்தை விளக்க ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2015இன் இறுதியில் விளையாட்டில் மதுக்கடைகளைச் சேர்த்தார்கள். அதன் பிறகு பூனைகள் காரணமின்றிச் செத்துக்கொண்டிருந்தன. டார்ன் ஆடம்ஸ் தேடிப் பார்த்தபோது, குள்ளர்கள் தரையில் சிந்திய மதுவில் பூனைகள் நடந்து போகின்றன, பிறகு தங்களைச் சுத்தம் செய்யப் பாதத்தை நக்குகின்றன, ஒரு துளிக்குப் பதிலாக ஒரு குவளை மதுவைக் குடித்ததாகக் கணக்கு பதிவாகிறது, சிறிய உடல் என்பதால் இறந்துவிடுகின்றன என்று தெரியவந்தது. பூனை பாதத்தை நக்கும் என்பதை ஒருவர் என்றோ எழுதி வைத்திருக்கிறார், மது காலில் ஒட்டும் என்பதை வேறொரு நாள் எழுதியிருக்கிறார், உடல் எடைக்கேற்ப வெறி ஏறும் என்பதை இன்னொரு நாள். எவரும் எழுதாத ஒரு சாவு அந்த மூன்றும் சந்தித்த இடத்தில் நிகழ்ந்தது. நான் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். என் பதினெட்டு ஆண்டு வேலையில் இவ்வளவு அழகான வழுவொன்றை நான் கண்டதில்லை.

அவர்கள் நெடுங்காலம் விளையாடுகிறவர்களின் நன்கொடையில்தான் வாழ்ந்தார்கள். ஸாக் ஆடம்ஸுக்குத் தோல் புற்றுநோய் வந்து, மருத்துவச் செலவைப் பற்றிய அச்சம் எழுந்த பிறகே, 2019இல், காசுக்கு விற்கும் சித்திர வடிவமொன்றைச் செய்யப்போவதாக அறிவித்தார்கள். அது 2022 டிசம்பரில் வெளியானது. இலவச வடிவத்தை அதற்காக நிறுத்தவில்லை. அது இன்றும் கிடைக்கிறது, உங்கள் பிள்ளைகள் சிறிய உலகமாக உருவாக்கிக்கொண்டால் பழைய கணினியும் தாங்கும். ஆனால் தொடக்கத்தில் யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்காவிட்டால் ஒருவரும் நிலைக்க மாட்டார்கள்.

இன்னொரு பெயரையும் சேர்த்துவிடுகிறேன். குஜராத்தின் சலா என்ற ஊரிலிருந்து இயங்கும் ஸ்டூடியோ ஓலியோமிங்கஸ். துருவ் ஜானியின் எழுத்தும் வடிவமைப்பும். காலனிய காலத்து ஆவணங்கள், திரிந்துபோன மொழிபெயர்ப்புகள், இல்லாத ஊர்கள் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் செய்யும் சிறிய ஆக்கங்கள் பெரும்பாலும் இலவசம். நடந்து திரிந்து வாசிப்பதைத் தவிர அவற்றில் செய்வதற்கு அதிகம் இல்லை. நிறங்கள் கண்ணை நிறைக்கின்றன, வாசகங்கள் கடினமானவை. ஆங்கிலம் கைவந்த மாணவர் ஒருவர் இருந்தால் அவருக்கு மட்டும் காட்டுங்கள்.

—

எழுத்துரு (அப்புத்தளை) எழுதியது:

'வெண்பா' என்ற விளையாட்டை எவரும் குறிப்பிடாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டு அது. 1988இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய் ஒருவர் தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டோடு வாழ்கிறார். குறிப்பேட்டில் பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் இருக்கின்றன, விட்டுப்போன படியை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் புதிர் இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் போகும் என்பது. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் ஆக்கத்துக்கான விருதை இது பெற்றது. மகன் அம்மாவுக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்லத் தொடங்கும் இடத்தில் உரையாடல் பெட்டியே மாறிவிடுவதுபோல் தோன்றும், அந்த இடைவெளியை எழுத்தின் வடிவத்தாலேயே காட்டுகிறார்கள். அது தமிழ்நாட்டுக் குடும்பத்தின் அடுக்களை. எங்கள் லயத்து அடுக்களையில் விறகுப் புகைக்கு நடுவில் ரொட்டி தட்டும் கைகள் வேறு. அதையும் ஒருவர் செய்ய வேண்டும் என்ற ஆசையைத் தூண்டியதால்தான் அந்த விளையாட்டு எனக்கு நெருக்கமானது.

அந்த ஆசையில் நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன், உங்கள் மாணவர்கள் தமிழில் ஏதாவது செய்ய நினைத்தால் பயன்படும். நான் முதலில் கோடோவின் மூன்றாம் பதிப்பில் தொடங்கினேன். அர்ஜென்டினாவில் உருவாகி 2014இல் மூலநிரல் திறந்துவிடப்பட்ட, விளையாட்டு செய்வதற்கான இலவசக் கருவி அது. "தேயிலை" என்று எழுதினேன். தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஏகாரக் கொம்பு பின்னால் போய் நின்றது, ஐகாரமும் லகரத்துக்குப் பின்னால் போனது. கணினியில் நாம் மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பிறகும் சேமிக்கிறோம், திரையில் காட்டும்போது அவற்றை இடம் மாற்றி வரைவதற்குத் தனியான ஒரு பொறி தேவை. அந்தப் பொறி அந்தப் பதிப்பில் இல்லை. மூன்று மாதம் ஒவ்வொரு வாக்கியத்தையும் படமாக வரைந்து ஒட்டினேன். 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. இப்போது தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் நேராக வருகிறது. பழைய கணினி என்றால் திட்டத்தைத் தொடங்கும்போது ஓப்பன்ஜிஎல் முறையைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திறக்கவே மறுக்கும்.

கதை எழுத விரும்பும் பிள்ளைகளுக்கு கிறிஸ் கிளைமாஸ் 2009இல் செய்த டுவைன் என்ற கருவி போதும். அது ஓர் இணையப் பக்கமாகவே வெளிவருவதால் தமிழை வரையும் வேலையை உலாவி பார்த்துக்கொள்ளும், கைப்பேசியிலும் திறக்கும். ஜோசப் வைட்டின் பீகோ-8 மிக அழகான கருவி, கல்விக்கான இலவச வடிவம் உலாவியில் கிடைக்கிறது. 'செலஸ்ட்' என்ற புகழ்பெற்ற மலையேறும் விளையாட்டு 2015இல் நான்கு நாட்களில் அதில்தான் முதன்முதலில் செய்யப்பட்டது. ஆனால் அதன் திரை 128க்கு 128 புள்ளிகள் மட்டுமே. நம் ணகரத்துக்கும் ஔகாரத்துக்கும் அது இடம் தராது. சொல்லே இல்லாத விளையாட்டுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

—

முகில்மலை (கொட்டகலை) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பழையகோச்சி ஐயாவின் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். அந்த எண்ணிக்கை எனக்குத் தெரியாமல் இருந்தது, மூன்றாவது அளவுகோல்தான் நான் சொல்ல நினைத்ததும்.

நமுனுகுல தங்கச்சியின் பதிவை நேற்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். நடுக்கட்டை இல்லாத தமிழ் வாக்கியத்தைக் கரும்பலகையில் கட்டம் போட்டு விளையாடத் தொடங்கிவிட்டார்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியதாயிற்று. தம்பி வரைந்த நான்கு புதிர்களையும் அனுப்ப முடியுமா?

பேச்சு பிறகு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனது. ஒரு மாணவியின் அம்மா கொழுந்தெடுக்கிறவர். தராசில் இருந்து ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிக்கப்படுவதையும், இரண்டு கிலோ குறைந்ததால் முழுப்பேர் (முழுநாள் கூலி) அரைப்பேர் (அரைநாள் கூலி) ஆனதையும் அவர் சொன்னார். அதை விளையாட்டாகச் செய்யலாம் என்றார்கள். பிறகு நீண்ட வாதம் எழுந்தது. விளையாடுகிறவர் கூடையோடு வரிசையில் நிற்க வேண்டும் என்று ஒரு பாதி, லூக்காஸ் போப் செய்ததைப்போலத் தராசுக்குப் பின்னால் ஏட்டோடு நிற்க வேண்டும் என்று மறு பாதி. அந்த மாணவி மட்டும், தராசுக்குப் பின்னால் நிற்பவரை விளங்கிக்கொள்வதற்கு முன் அம்மாவின் கூடை எவ்வளவு கனக்கிறது என்பது விளையாடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். கனத்தைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று நாங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். சுட்டியை மெதுவாக நகரச் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். மேடேறும்போது திரையின் மேற்பகுதி மறைந்து கால்களும் மண்ணும் மட்டும் தெரிய வேண்டும் என்று அந்த மாணவி சொன்னார். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். எழுத்துரு அவர்கள் சொன்ன நான்காம் பதிப்பைப் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன்.

ரோலர்ரூம், உங்கள் கையேட்டை ஒரு வாரம் இரவல் தருவீர்களா? ஓரத்தில் தமிழில் குறிப்பெழுதிய பிரதி என்றால் பிள்ளைகள் அஞ்சாமல் திறப்பார்கள்.

—

ரோலர்ரூம் (தலவாக்கலை) எழுதியது:

கட்டாயம் தருகிறேன், சேர். இந்த வாரம் எனக்கு இரவு வேலை, ஆகவே சனிக்கிழமை காலை முடித்துக்கொண்டு நேராகக் கொட்டகலைக்கு வந்துவிடுகிறேன். கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை: கூடை கனக்கும்போது முதலில் இழுபடுவது கால் அல்ல, நெற்றியில் போட்டிருக்கும் கயிறு. தலையைத் திருப்பிப் பக்கத்தில் பார்க்க முடியாது. அந்த மாணவியின் அம்மாவிடம் கேட்டு, எவ்வளவு தூரம் திருப்ப முடியும் என்று அளந்து வைக்கச் சொல்லுங்கள்.